பலகுரல் வீட்டு அலாரம்

துளை போடுற மிஷினு சுவத்துல ஏறும்போது முதல்ல மூக்கால பேசுது, அப்புறம் தொண்டைக்கு எறங்குது, செங்கல்லு தட்டுனதும் பல்லைக் கடிக்குது. நான் சாய்வு நாற்காலியில கண்ணை மூடிக்கிட்டு உதட்டுக்குள்ளயே அது பின்னாடி போறேன், மூக்கு, தொண்டை, பல்லு, சத்தம் மட்டும் வெளிய விடல, விடக்கூடாது, இன்னைக்கு எனக்கு வாய்ப்பூட்டு. பூட்டுனவ பவுனு, என் சம்சாரம், பவுன்தாயி. ரசம் ஊத்தும்போதே சொல்லிட்டா, "ஏங்க, அலாரக்காரரு வேலையை முடிச்சிட்டுப் போற வரைக்கும் உங்க வாயில இருந்து ஒண்ணும் வரக்கூடாது. மனுசச் சத்தமும் வேண்டாம், மாட்டுச் சத்தமும் வேண்டாம்." தலையை மட்டும் ஆட்டினேன், சரிங்கிறதும் ஒரு சத்தந்தானே. இப்ப ரசம் வயித்துல இருந்து கண்ணுக்கு ஏறிக்கிட்டிருக்கு, மேல ஃபேனு ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவை நாக்கைச் சப்புக் கொட்டுது, வாசல்ல ஏணி மேல முருகானந்தம் நிக்கிறாரு, அலாரக்காரரு, பெரிய உடம்பு, அவரு கை தூக்குனா ஏணி முனகுது, கை எறக்குனா பெருமூச்சு விடுது. அவரு பேச்சும் மிஷினு மாதிரிதான், நிறுத்தி நிறுத்தி வரும். "அண்ணே, போன தடவை மாட்டுனவன் சைரனைக் கொண்டு போயி கொல்லையில வச்சிருக்கான். கொல்லையில யாருக்கு ஊதுறான், வாழை மரத்துக்கா?" கொஞ்ச நேரம் துளை. "சென்சாரு ஜன்னல் திரையவே பாத்துக்கிட்டு இருக்கு. காத்தடிச்சா திரை ஆடும், திரை ஆடுனா இது கத்தும். கரண்டு போச்சுன்னா செத்துரும், பேட்டரியே கிடையாது." மறுபடி துளை. "ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கங்க, அலாரம் திருடனைப் பிடிக்காதுண்ணே. தெருவை எழுப்பும். தெரு எந்திரிச்சா அவன் ஓடுவான். இம்புட்டுதான் இதுல சூட்சுமம்." நான் கையை மட்டும் ஆட்டுறேன். தெரு எந்திரிக்குமாம். அவருக்கு எங்க தெருவைத் தெரியாது. நாளைக்குக் காலையில மக வர்றா, இளவரசி, ஓசூர்ல இருந்து, அம்மாவைக் கூட்டிட்டுப் போக. பாத்துட்டுப் போக இல்ல, கூட்டிட்டே போக. பவுனு அதுக்கு ஒரு கணக்கு வச்சிருக்கா. "இன்னைக்கு அலாரத்தை அடிச்சுப் பாப்போம். தெருவுல யாருக்கும் முன்னாடியே சொல்லக்கூடாது. ஒரு ஆளு ஓடி வந்து என்னான்னு கேட்டா நான் இங்க இருக்கேன். யாரும் வரலைன்னா மக கூடப் போயிர்றேன். உங்களுக்குச் சாப்பாட்டுக்குப் பக்கத்து வீட்டு லூர்துகிட்டச் சொல்லி ஏற்பாடு பண்றேன்." கோவமாச் சொல்லியிருந்தா சமாளிச்சிருப்பேன், கோவத்துக்கு என்கிட்ட நெறையக் குரல் இருக்கு. உப்பு போதுமான்னு கேக்குற மாதிரி சொல்லிட்டு அப்பளத்தை நகத்தி வச்சா.

எங்க தெரு ஏன் எந்திரிக்காதுன்னா, அதுக்குக் காரணம் பலகுரல் பரஞ்சோதி. அதாவது இந்த நாற்காலியில கெடக்குறவன். இந்த வீட்டுக்குள்ள இருந்து ரயிலு போயிருக்கு, கன்னுக்குட்டி தாயைத் தேடியிருக்கு, போலீஸ் ஜீப்பு வந்து ரிவர்ஸ் எடுத்திருக்கு, பொறந்த பிள்ளை அழுதுருக்கு, அன்னைக்கு எதுத்த வீட்டு சம்சாத் அக்கா எட்டிப் பாத்து, "என்னா பவுனு, சொல்லவேயில்ல"ன்னு கேட்டாங்க, பவுனுக்கு அப்பவே பேத்தி இருக்கு. பக்கத்து வீட்டு ராயப்பண்ணே, பஸ்ஸு கண்டக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு, அவரு குரல்லயே மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்து "உள்ள தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க"ன்னு ஒரு நாளு விட்டேன், அவரு அந்தப் பக்கம் தன்னால தள்ளி நின்னாராம், அவரு சம்சாரம் லூர்துமேரி சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. எல்லாம் நல்லாத்தான் போச்சு. சத்தம்னா பரஞ்சோதி, பரஞ்சோதின்னா சத்தம், அதனால சத்தம்னா ஒண்ணுமில்ல. இது எங்க தெருவுக்குப் பழகிப் போச்சு, காதுக்குப் பழகிட்டா மூளை வரைக்கும் போகாது. போன மாசம் எனக்குப் பழனியில ஒரு கல்யாண ரிசப்ஷன். நான் அங்க மேடையில நிக்கிறேன், இங்க விளக்கு வைக்கிற நேரம், எவனோ கொல்லைச் சுவரு ஏறிக் குதிச்சு உள்ள வந்துட்டான். பவுனு கழுத்துல கை. அவ கத்தியிருக்கா. மதிலுக்கு அங்கிட்டு ராயப்பண்ணனும் லூர்துவும் காப்பி குடிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க, "பாரு லூர்து, பரஞ்சோதி இன்னைக்குப் பொம்பளைக் குரலு எடுக்குறான், அச்சு அசலா இருக்கு"ன்னு சொல்லி அண்ணே கை தட்டியிருக்காரு. நல்லா, மனசாரத் தட்டியிருக்காரு. அந்தக் கைதட்டு மதிலைத் தாண்டி வந்துருக்கு. திருடனே ஒரு நிமிசம் நின்னு திரும்பிப் பாத்தானாம், யாருக்குத் தட்டுறாய்ங்கன்னு. அப்புறம் அவசரமே இல்லாம செயினைக் கழட்டிக்கிட்டுப் போயிட்டான். பவுனு போச்சு, பவுனு இருக்குன்னு ரெண்டு நாளு தெருவுல ஒரு ஜோக்கு ஓடுச்சு, அவ முகத்தைப் பாத்துட்டு அதுவா நின்னுருச்சு. எனக்கு என்னான்னா, அதே நேரத்துல பழனியிலயும் கை தட்டுனாங்க. நான் குனிஞ்சு கும்பிட்டேன். இப்பக் கண்ணை மூடுனா ரெண்டும் ஒண்ணாக் கேக்குது, மண்டபத்துக் கைதட்டு நடுவுல ராயப்பண்ணன் கை மட்டும் தனியாக் கேக்குது, அகலமான கை, டிக்கெட்டு கிழிச்ச கை, பொத்து பொத்துன்னு, நான் குனியிறேன், குனிஞ்சுக்கிட்டே இருக்கேன், நிமிர முடியல.

மிஷினு நின்னுருச்சு. நின்ன பிறகும் என் பல்லுக்குள்ள ஓடுது. வெயிலு திரையில பட்டு ஹாலெல்லாம் மஞ்சளா, மோருக்குள்ள உக்காந்திருக்கிற மாதிரி, இல்ல, மோரு வெள்ளை, இது சோளக் கூழு. கூழுக்குள்ள நான் மெதுவா எறங்குறேன். பவுனு எங்க. அந்தா, சுவத்துல முதுகைச் சாய்ச்சு, கொல்லைக் கதவைப் பாத்து உக்காந்திருக்கா. அன்னையில இருந்து அங்கதான். பகலுலயும் படுக்க மாட்டேங்குறா. கண்ணு மூடும், தலை சாயும், உடனே யாரோ தொட்ட மாதிரி நிமிந்துருவா, கையி கழுத்துக்குப் போகும். தூங்காதவ இருமல் வேற மாதிரி இருக்கும், காஞ்ச ஓலையை மடிக்கிற மாதிரி. அது எனக்கு இப்ப அத்துப்படி. பாத்தியா, அதையும் என் தொண்டை எடுத்து வச்சுக்கிச்சு. எல்லாத்தையும் எடுத்து வச்சுக்குது, கேக்காமலே. ஆனா அன்னைக்கு அவ கத்துன சத்தம் என்கிட்ட இல்ல. நான் பழனியில இருந்தேன். தெருவே கேட்ட சத்தம், நான் மட்டும் கேக்கல. எப்படி இருந்திருக்கும், கீழ இருந்து மேல போயிருக்குமா, இல்ல மேலயே ஆரம்பிச்சு ஒடைஞ்சிருக்குமா, என் பேரச் சொல்லியிருப்பாளா, அவதான் என் பேரச் சொல்ல மாட்டாளே, ஏங்கன்னு கத்தியிருப்பாளா, ஏங்கன்னு கத்துனா ஏன்னு கேக்குற மாதிரில்ல இருக்கும். நாக்கு தன்னால அண்ணத்துல ஒட்டுது, உதடு திறக்குது, அய்யய்யோ. கையை எடுத்து வாயை மூடிக்கிறேன். எனக்கு இருக்குற பயமே அதுதான். கேக்காத சத்தமா இருந்தாலும் ஒரு நாளு சாப்பிடும்போதோ குளிக்கும்போதோ அது என் வாயில இருந்து சரியா வந்துருமோன்னு. வந்துட்டா அவ பாத்திரத்தைக் கீழ வச்சிட்டு நடந்துருவா, ஓசூரு வரைக்கும்.

திருட்டுக்கு அப்புறம் அந்தப் போன அலாரத்தை மாட்டுன மறுநாளே ஒரு பூனை அதைக் கத்த வச்சிருச்சு. விடாமக் கத்துது. ஒருத்தர் வரல. பவுனு வாசல்ல நின்னு ரெண்டு பக்கமும் பாக்குறா, எல்லா வீட்டுலயும் லைட்டு எரியுது, டீவி ஓடுது. லூர்து அடுத்த நாளு காலையில வந்து, "அண்ணே, நேத்து ஆம்புலன்ஸு நல்லா இருந்துச்சு, ஆனா இழுத்துட்டீங்க, கடைசியில மூச்சு வாங்குச்சு"ங்கிறா. கரண்டு கொறைஞ்சு அலாரம் வாங்குன மூச்சு அது. அப்பத்தான் நான் ஒரு யோசனை சொன்னேன். திருடன் திருடன்னு கத்துனா எவனும் வர மாட்டான், கதவைத் தாப்பாப் போடுவான். புது அலாரத்துல குரலைப் பதியிற பெட்டி ஒண்ணு இருக்காம், அதுல வேற ஒண்ணைப் பதிவு பண்ணுவோம். தண்ணி வந்துருச்சு. அதுவும் சம்சாத் அக்கா குரல்ல. எங்க தெருவுல தண்ணி வர்றது கவர்னரு வர்ற மாதிரி, சம்சாத் அக்காதான் முதல்ல குழாயைத் திறந்து பாத்துக் குரல் குடுப்பாங்க, குடுத்த அடுத்த மூச்சுல குடம் குடமாத் தெரு நெறைஞ்சிரும், குளிச்சுக்கிட்டு இருக்குறவன் சோப்போட வருவான். நெனைக்கவே எனக்கு இனிச்சுச்சு, திருடன் செயினும் கையுமா வெளிய வர்றான், வாசல்ல நூறு குடம். பவுனு சிரிக்கல. "அப்புறம் நெசமாவே தண்ணி வந்தா யாரு நம்புவா? அதையும் கெடுத்துட்டு உக்காரவா?"ன்னா. அதோட நிறுத்தல. "உங்க குரலு வேண்டாங்க. பெட்டியில நான் பேசுறேன்." என் நாப்பது குரலையும் ஒரே வார்த்தையில மூட்டை கட்டி ஓரமா வச்சிட்டா. அவ பேசுறாளாம். போனுல ரெண்டு வார்த்தை பேசுறதுக்கே தொண்டையைச் செருமுறவ, என் புரோகிராமுக்கு வந்தா கடைசி வரிசையில தூணுக்குப் பின்னாடி உக்காருறவ.

"ரெடிம்மா, இந்தச் செவப்புப் பொத்தானை அமுக்கிட்டுப் பேசுங்க, விட்டா நின்னுரும்"னு முருகானந்தம் தீப்பெட்டி மாதிரி ஒண்ணை அவ கையில குடுக்குறாரு. அவ அதை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு உள் ரூமுக்குப் போயி கதவைச் சாத்திக்கிறா. நான் காதைத் தீட்டிக்கிட்டுப் படுத்திருக்கேன். ஒண்ணும் வெளிய வரல, ஒரு செருமல், அப்புறம் ஒரு செருமல். என்ன பேசுவா. காப்பாத்துங்கன்னு சொல்லுவாளா, அது சினிமாவுல சொல்றது, நெசத்துல யாரு சொல்றா. ஃபேனு சப்புக் கொட்டுது. கதவு தெறக்குற சத்தம், முருகானந்தம் பெட்டியைக் கொண்டு போயி மாட்டுற சத்தம், ஏணி பெருமூச்சு விடுற சத்தம், எல்லாம் தண்ணிக்கு அடியில இருந்து கேக்குற மாதிரி தூரமாப் போகுது, நான் கூழுக்குள்ள கழுத்து வரைக்கும் எறங்கிட்டேன், சாப்பாட்டுத் தூக்கம், வாய் பேசாத மனுசனுக்குத் தூக்கம் சீக்கிரம் வரும்போல. "தெருப் பக்கம் பாத்துத்தான் வச்சிருக்கேன், பேட்டரியும் இருக்கு. அடிக்குதான்னு பாக்கக் கொல்லைக் கதவைத் தொறக்குறேம்மா"ன்னு முருகானந்தம் எங்கயோ மலைக்கு அந்தப் பக்கம் சொல்றாரு.

முதல்ல சைரனு. கீச்சுன்னு ஆரம்பிச்சு மேல போயி வளைஞ்சு எறங்குது, மட்டமான சைரனு, நான் இதைவிட நல்லாப் பண்ணுவேன். அது பாதியில அறுந்து, அந்த இடத்துல, தெரு முழுக்க, பவுனு. "லூர்து. அவரு இல்ல." ஒரு மூச்சு. "சம்சாத் அக்கா, அவரு இல்ல. நான்தான். நான் தனியா இருக்கேன். அவரு இல்ல." ஸ்பீக்கர் கொழாயில வர்றதால குரலு நடுங்குதோ, இல்ல வெக்கத்துல நடுங்குனது அப்படியே பதிவாகிருச்சோ, அழுது முடிச்ச பொம்பளை பேசுற மாதிரியே இருக்கு. மறுபடி சைரனு, மறுபடி அவ, அவரு இல்ல. கண்ணைத் திறக்காமக் கேக்குறேன். அவரு இல்லன்னா நான் இல்ல. யாரு சொல்றா, பவுனு சொல்றா, அவ பொய் சொன்னதே கெடையாது. அப்ப நான் எங்க. நாற்காலி இருக்கு, வேட்டி இருக்கு, ரசம் இருக்கு, நான் மட்டும் இந்த மஞ்சள்ல கரைஞ்சு போயிட்டேன், நல்லாத்தான் இருக்கு, லேசா இருக்கு, தொண்டையில ஒருத்தரும் இல்ல, கன்னுக்குட்டி இல்ல, ஜீப்பு இல்ல, நாப்பது பேரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க, காலி மண்டபம், யாரோ துணியால மேடையைத் துடைக்குறாங்க. அவ என்ன சொல்ல வந்தான்னு அப்புறந்தான் ஒறைக்குது. கத்துறது அவரு இல்ல, நான்தான்னு சொல்ல வந்திருக்கா, பாவம், அதைத்தான் சொல்ல வந்திருக்கா. சைரனு நின்னுருச்சு. தெரு அமைதியா இருக்கு. ஒரு காக்கா. எங்கயோ மிக்ஸி. யாரும் வரல. ரூம் வாசல்ல பவுனு மூச்சை அடக்கிக்கிட்டு நிக்கிறது தெரியுது, அவ அடக்குனா எனக்கும் அடங்குது. மிக்ஸி நிக்குது. வரல. நாளைக்கு ஓசூரு. வரல.

அப்ப வாசல் கேட்டு. தெறக்குற சத்தம் இல்ல, இடிச்சுத் தள்ளுற சத்தம். செருப்பில்லாத காலு, ஒண்ணு, அதுக்குப் பின்னாடி நெறைய. "பரஞ்சோதி, யப்பா பரஞ்சோதி"ன்னு ராயப்பண்ணே மூச்சிரைக்குறாரு, வீச்சு வருது, மீன் கொழம்பு, சோத்துக் கையோட ஓடி வந்திருக்காரு. எச்சிக் கையைப் பின்னாடி மடக்கிக்கிட்டு எடது கையை என் நெஞ்சு மேல வைக்கிறாரு. லூர்து ஓன்னு ஒப்பாரியில ஒரு இழுப்பு இழுத்துட்டா. "காலையிலதானே கீரைக்காரியை என் குரல்ல கூப்பிட்டு ஏமாத்துனாரு"ன்னு சம்சாத் அக்கா. வாசல்ல யாரோ, சேருக்கும் பந்தலுக்கும் சொல்லிரலாமாங்குறான், இன்னொருத்தன் ஓசூருக்குப் போனைப் போட்டுட்டான், "அப்பா, உங்கப்பா"ன்னு இழுக்குறது கேக்குது. எனக்குள்ள ஒருத்தன் இருக்கான், அவன் முப்பது வருசமா மேடையில எனக்குச் சமயம் சொல்றவன், இப்பவும் சொல்றான், இரு, தெறக்காத, இன்னும் ரெண்டு பேரு உள்ள வரட்டும், அண்ணே ஒரு வார்த்தை பேசட்டும், லூர்து ரெண்டாவது இழுப்புக்கு மூச்சு எடுப்பா பாரு, அந்த மூச்சுக்கும் அழுகைக்கும் நடுவுல ஒரு தும்மலு, ஒரே ஒரு தும்மலு, தெரு செத்துரும். அவன் சொல்றது சரி. அதான் சரியான எடம். அது மாதிரி எடம் ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் வாய்க்கும். ஆனா அந்தத் தும்மலோட எல்லாம் முடிஞ்சிரும், அப்புறம் பவுனு என்ன சொன்னாலும், அவரு இல்லன்னாலும் இருக்காருன்னாலும், இந்த வாசல்ல ஒரு காலு படாது. லூர்து இன்னும் மூச்சு எடுக்கல. எனக்குத் தெரிஞ்சு அவ்வளவு மோசமான நேரத்துல நான் எதுவுமே பண்ணதில்ல, எவனும் எதிர்பாக்காத நேரம்னு கூடச் சொல்ல முடியாது, சப்புன்ன நேரம், கண்ணைத் தெறந்து, "அண்ணே, நான் இருக்கேண்ணே"ன்னேன்.

லூர்து அழுகையோட சொல்றா, "அய்யோ, பெட்டி அவரு குரல்லயே பேசுதே." பெட்டி இல்லம்மா, நான்தான்னு எந்திரிச்சு உக்காந்தேன். வேட்டியைச் சரி பண்ணினேன். ராயப்பண்ணே கையை எடுத்துட்டு என்னைப் பாக்குறாரு, அறையப் போறாருன்னுதான் நெனைச்சேன், வலது கையில சோறு இருந்ததால தப்பிச்சேன். அதுக்குள்ள பவுனு முன்னாடி வந்துட்டா. "அண்ணே, அவர ஒண்ணும் சொல்லாதீங்க, அவரு வாயே தெறக்கல. நான்தான் பேசுனேன். இந்த வீட்டுல என்ன சத்தம் வந்தாலும் அவருன்னு நெனைக்கிறீங்கள்ல, அதான் அவரு இல்ல, இது நான்னு சொன்னேன். இப்படி எடுத்துக்குவீங்கன்னு தெரியாது." அண்ணே சோத்துக் கையைப் பாத்தாரு, தரையைப் பாத்தாரு. மெதுவா, "அன்னைக்கும் இப்படிச் சொல்லியிருந்தா வந்திருப்பேனே தாயி"ன்னாரு. "கழுத்துல கை இருக்குறப்ப இம்புட்டுப் பேச வரலண்ணே"ன்னா பவுனு. குத்திக் காட்டிச் சொல்லல, இருந்ததைச் சொன்னா. அண்ணே அதுக்கப்புறம் நிமிரவே இல்ல. முருகானந்தந்தான் ஏணியைத் தோளுல வச்சுக்கிட்டு, "ஏம்மா, மாத்திருவோமா? வீட்டுல இல்லன்னு தெளிவாச் சொல்லிருங்க"ன்னாரு. "மாத்தாதீங்க"ன்னு சம்சாத் அக்கா, முந்தானையால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு. "வீட்டுல இல்லன்னா கூத்துக்குப் போயிருப்பாருன்னு விட்டுருவோம். இல்லன்னா மட்டுந்தான் காலு ஓடுது." "அப்ப நெசமாவே அவரு இல்லாமப் போனா, அது நெசந்தான்னு எப்படித் தெரியும்?"னு லூர்து கேக்குறா, என்னைய வச்சுக்கிட்டே. "வந்து பாத்தாத் தெரிஞ்சிரப் போகுது. அதுக்கு வரணும்ல"ன்னாங்க சம்சாத் அக்கா. வாசல்ல போனு இன்னும் கத்திக்கிட்டு இருக்கு, ஓசூரு முழுக்க அழுகுறா மக. பவுனு வாங்கிப் பேசுனா. "அப்பாவுக்கு ஒண்ணுமில்லடி, இந்தா குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காரு. அது ஒரு சொல்லு மாறிப் போச்சு. அழுகாத. நாளைக்கா, நாளைக்கு வேண்டாம். லீவு இருக்கும்போது பிள்ளையைக் கூட்டிட்டு சும்மா வா. நான் வரல. ஆளு இருக்காங்கடி இங்க. ஆமா, எல்லாரும் நிக்கிறாங்க."

போனைக் குடுத்துட்டுச் சுவத்தோரம் உக்காந்தா. எல்லாரும் ஒரே நேரத்துல பேசுறாங்க, யாரு முதல்ல ஓடி வந்ததுன்னு ஒரு சண்டை, பந்தல்காரனுக்குச் சொன்னதைத் திருப்பிச் சொல்லணும்னு ஒருத்தன் ஓடுறான், லூர்து இனிமே என் கூடப் பேசப் போறதில்லன்னு என்கிட்டயே சொல்லிக்கிட்டு இருக்கா, அடுப்படியில சம்சாத் அக்கா டீத்தூளு டப்பாவைத் தேடி எல்லா மூடியையும் தெறந்து மூடுறாங்க. அந்தச் சத்தத்துக்கு நடுவுல திரும்பிப் பாக்குறேன், பவுனு தலை சாஞ்சிருக்கு. இப்ப நிமிந்துருவா, கையி கழுத்துக்குப் போகும்னு பாத்துக்கிட்டே இருக்கேன். போகல. கையி மடியிலயே கெடக்கு, விரலு தெறந்திருக்கு. வாயி லேசாத் தெறந்திருக்கு. நான் உதட்டு மேல விரலை வச்சு லூர்துவைப் பாத்தேன், லூர்து பாதி வார்த்தையில நின்னு, அவளைப் பாத்துட்டு, அடுப்படிக்குப் போயி சம்சாத் அக்கா கையில இருந்த மூடியை வாங்கிக் கீழ வச்சா. பேச்சு ஒண்ணு ஒண்ணா அணைஞ்சுச்சு. ராயப்பண்ணே கேட்டுப் பக்கம் நகந்தாரு, கையில சோறு காஞ்சு ஒட்டிக் கெடக்கு. நான் எந்திரிச்சுப் போயி அவரு காதுகிட்ட, குரலே இல்லாம, "பின்னாடி குழாயில கை கழுவிட்டு வந்து உக்காருங்கண்ணே, கெளம்பிறாதீங்க"ன்னேன். அவரு தலையாட்டுனாரு. குழாயைச் சொட்டுச் சொட்டாத் தெறந்து சத்தமில்லாமக் கழுவிட்டு வந்து, கொல்லைக் கதவுக்கு முன்னாடி சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு.